முனியாண்டியின் அரிவாளுக்கு ஒரு ரசீது

உலகத்திலேயே துப்பாக்கியால் ஆபத்து இல்லாத ஒரே இடம் செரிமாய்த் தோட்டம். இதைச் சொன்னவர் செரிமாய்த் தோட்டப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் கதிரவேலு. ஆண்டுக் கூட்டத்தில், கழுத்தில் பொன்னாடையோடு, எதிரே திறக்காத மினரல் வாட்டர் பாட்டிலோடு, சிரிக்காமல் சொன்னார்.

"அமெரிக்காக்காரன் இங்க வந்து பாடம் படிக்கணும். அவன்கிட்ட ஆளுக்கு ஒரு துப்பாக்கி இருக்கு, தினம் சாகிறான். நம்மகிட்ட தோட்டத்துக்கே ஒரு துப்பாக்கிதான் இருக்கு. இதுவரைக்கும் ஒரு உயிர் போயிருக்கா?"

கூட்டம் கைதட்டியது. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒரு உயிர்கூடப் போகவில்லை, காட்டுப்பன்றியின் உயிர் உட்பட. அந்தத் துப்பாக்கியை வாங்கியதே காட்டுப்பன்றியைச் சுடத்தான் என்பதை யாரும் எழுந்து நினைவூட்டவில்லை. நிகழ்ச்சி நிரலில் அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை.

துப்பாக்கி விஷயத்தில் நாட்டின் சட்டம் கேட்டது கொஞ்சம்தான். உரிமம் வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், கண்டவன் கையில் கொடுக்கக் கூடாது. சங்கம் இதைக் கூடிப் படித்துவிட்டு, சட்டம் ஏதோ அவசரத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்தது. ஆகவே துப்பாக்கி சங்க மண்டபத்தின் இரும்பு அலமாரிக்குள் போனது. அலமாரிச் சாவி தலைவரிடம். துப்பாக்கியின் விசையில் மாட்டிய பூட்டுக்கு உரிய சாவி, உரிமக்காரரான செயலாளர் சுகுமாரிடம். அவர் உரிமம் வந்த கையோடு வெளியூரில், புஞ்சாக் ஆலாமில், வீடு வாங்கிக் குடிபோய்விட்டார். தோட்டாக்கள் பொருளாளர் நவமணி அம்மாவிடம். அவர் அவற்றை அரிசி டின்னுக்குள் வைத்திருப்பதாகவும், தீபாவளிக்குத் தீபாவளி வெயிலில் காயப் போடுவதாகவும் தொழிலாளர் லய வீடுகளில் பேச்சு. மூவரும் ஒரே இடத்தில் நின்றால்தான் அது துப்பாக்கி. மற்ற நேரங்களில் அது குழாய்.

ஆயுத பூசையன்று மட்டும் சிறிய சிக்கல் வரும். மூவரும் சேர்ந்து வர வசதிப்படாது. அதனால் துப்பாக்கியின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அதற்குத் தீபாராதனை காட்டுவார்கள். படத்தின் மேல் பூட்டு இல்லை என்று ஒரு வருடம் ஒருவர் ஆட்சேபித்தார். அடுத்த வருடம் அவர் துணைத் தலைவரானார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒத்தைப் பல்லன் வந்தது.

அது காட்டுப்பன்றி. யாரோ வைத்த கம்பிக் கண்ணியில் சிக்கி, ஒரு பக்கத்துக் கோரைப்பல்லை அங்கேயே விட்டுவிட்டு, மீதி உடம்போடும் முழுக் கோபத்தோடும் தப்பி வந்திருந்தது. மற்ற பன்றிகள் ஆளைக் கண்டால் ஓடும். இது ஆளைக் கண்டால் நிற்கும். தோட்டத்தின் ஒன்பதாம் பிளாக்கில் தொழிலாளி நல்லசாமியின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டு, போகாமல் நின்று பார்த்ததாம். நல்லசாமிக்குத் தையல் வலியைவிட அந்தப் பார்வைதான் தாங்கவில்லை.

ஒன்பதாம் பிளாக்கில்தான் அப்பளசாமியின் மனைவி கலாவதி உதிரிப் பழம் பொறுக்குகிறாள். அப்பளசாமி, எண்ணெய்ப் பனையான செம்பனையில் குலை வெட்டுகிறவன். அவன் காலையிலேயே வெட்டிவிட்டு அடுத்த பிளாக்குக்குப் போய்விடுவான். பின்னாலேயே கலாவதி தனியாகக் குனிந்து, மரத்தடியில் சிதறிய பழங்களைச் சாக்கில் சேர்க்க வேண்டும். குனிந்திருக்கும் ஆளுக்குப் பன்றி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரியாது. வேண்டாம் என்று நின்றால் பிளாக் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அன்பாகச் சொல்லியிருந்தார்.

அப்பளசாமி சங்கத்துக்குப் போனான். துப்பாக்கி இருக்கிறது, பன்றி இருக்கிறது, ஒரு வெடி போதும் என்று அவன் நினைத்தான். கதிரவேலு அவனை உட்காரச் சொல்லி, பன்றி இந்தத் தோட்டத்தைச் சேர்ந்ததா, வெளியூரா என்று விசாரித்தார். ஆற்றுப் பக்கமிருந்து வருகிறது என்றான் அப்பளசாமி. அப்படியானால் அது வந்து போகிற பன்றி, குடியிருக்கும் பன்றி இல்லை, சங்க விதி குடியிருக்கும் பன்றியைப் பற்றித்தான் பேசுகிறது என்றார். பிறகு, தாக்கும் நோக்கத்தோடு வந்ததா, தற்செயலாக வந்த இடத்தில் தாக்கியதா என்று கேட்டார். அப்பளசாமி யோசித்துப் பார்த்தான். அவன் பன்றியிடம் கேட்கவில்லை.

அவசரக் கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடியது. நல்லசாமி கட்டுப் போட்ட காலை நாற்காலி மேல் நீட்டிக்கொண்டு, பூட்டு சாவி கதையெல்லாம் வேண்டாம், வீட்டுக்கு ஒரு துப்பாக்கி கொடுத்துவிட்டால் பன்றியும் வராது, திருடனும் வரமாட்டான் என்று பேசினான். சிலர் தலையாட்டினார்கள். பின்வரிசையிலிருந்து கலாவதி எழுந்தாள்.

"அண்ணே, போன மாசம் நீ தண்ணி போட்டுட்டு, உன் சொந்த மோட்டார் சைக்கிளையே பன்னின்னு நெனச்சு கல்லால அடிச்ச. உன் கையில துப்பாக்கி இருந்தா நான் ஒத்தைப் பல்லன்கிட்டயே போய்க் குடியிருந்துக்கிறேன் லா."

மண்டபம் சிரித்தது. நல்லசாமியும் சிரித்தான், அது உண்மைதான் என்பதால். கலாவதி உட்காரவில்லை. கண்டவனிடமும் கொடுக்க வேண்டாம், ஆனால் இருக்கிற ஒன்றையாவது சுடத் தெரிந்த ஒருவர் எடுத்து வந்து சுட்டால் போதும் என்று சொல்லி முடிப்பதற்குள், கதிரவேலு மேசையைத் தட்டினார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

"இந்தச் சகோதரி சொன்னதைக் கவனிக்கணும். ஆபத்து எங்க இருக்கு? பன்றிகிட்ட இல்ல, கையில இருக்கு. நல்லசாமி, பன்றி குத்தின அன்னைக்கு உன் கையில என்ன இருந்திச்சி?"

பாராங் கத்தி இருந்தது என்றான் நல்லசாமி.

"அதான் விஷயம். ஆயுதத்தோட போனவனைப் பன்றி குத்திருக்கு. ஆயுதம் இல்லாத யாரையாவது குத்திருக்கா? துப்பாக்கியைப் பூட்டினோம், துப்பாக்கியால சாவு இல்ல. மத்ததையும் பூட்டினா மத்த சாவும் இல்ல. இது கணக்கு."

தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் முதல், குலை வெட்டும் நீளக் கழி அரிவாள்கள் மண்டபத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். காலையில் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம், மதியம் வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். அடுத்த வாரம் பாராங் கத்திகள் வந்தன. அதற்கடுத்த வாரம் அரிவாள்மணைகள். கத்தரிக்காய் நறுக்க மண்டபத்து வாசலில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மீன் வாங்கிய நாட்களில் வரிசை நீளமாகவும் வாசனையாகவும் இருந்தது. வெங்காயம் வாயால் கடிக்கப்பட்டது. சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கதிரவேலு தினமும் மாலையில் ஒரு ரோஜாப்பூப் படம் போட்டு, இன்றும் உயிரிழப்பு இல்லை என்று எழுதினார். ஒத்தைப் பல்லன் இன்னொருவரின் நாயைக் கிழித்த நாளிலும் அப்படித்தான் எழுதினார். நாய் சங்க உறுப்பினர் இல்லை.

கலாவதி ஒன்பதாம் பிளாக்குக்குப் போகும்போது முனியாண்டி கோவிலில் நிற்பாள். கோவில் என்றால் ஒரு பெரிய மரம், அதனடியில் சிமெண்டு முனியாண்டி, முறுக்கு மீசை, ஓங்கிய கையில் ஆள் உயர அரிவாள். பிளாக்குகளுக்குள் நுழைகிற எல்லாரும் அவருக்கு ஒரு சுருட்டைப் பற்ற வைத்துவிட்டுத்தான் போவார்கள். பன்றி வந்த பிறகு சுருட்டு விற்பனை கூடியது. காலை நேரத்தில் மரத்தடி முழுக்கப் புகைமூட்டமாக இருந்தது.

அந்தப் புகையைப் பார்த்துத்தான் கதிரவேலுவின் கண் அரிவாளின் மேல் விழுந்தது.

"தோட்டத்திலேயே பெரிய ஆயுதம் இது," என்றார் அடுத்த கூட்டத்தில். "உரிமம் இல்ல, பூட்டு இல்ல, இரவு பகலா ஓங்கினபடி நிக்குது. கேட்டா காவல்ங்கிறீங்க. சட்டம் காக்காததை ஒரு சுருட்டு காக்குமா? அம்பது காசு புகையை ஊதிட்டு உயிரைக் காப்பாத்துன்னு கேக்கிறது படிப்பில்லாத காலத்துப் பழக்கம். எங்க தாத்தா இந்தத் தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதின கிராணி. ஒரு நாள் அந்த மரத்தடியில செருப்பைக் கழட்டினதில்லை. நானும் கழட்டினதில்லை."

உங்க வீட்டுப் பூசையறையில் முருகன் கையில் இருக்கும் வேலையும் பூட்டுவீர்களா என்று கலாவதி கேட்டாள். அது வெள்ளி வேல், கூர் இல்லாதது, அலங்காரத்துக்கு மட்டுமே உரியது என்று கதிரவேலு விளக்கினார். அந்த விளக்கம் முருகனுக்கு எப்படி இருந்தது என்பது தெரியவில்லை.

அரிவாளை யார் பிடுங்குவது என்ற கேள்வி வந்தது. சுகுமாருக்கு அன்று பையனின் டியூஷன் இருந்தது. நவமணி அம்மா விரதம். கடைசியில் கதிரவேலுவே போனார், செருப்போடு. சிமெண்டு விரல்களுக்குள்ளிருந்து அரிவாளை இழுத்தெடுத்து, அலமாரிக்குள் துப்பாக்கிக்குப் பின்னால் சாய்த்து வைத்துப் பூட்டினார். முறைப்படி ரசீதும் கொடுத்தார். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டை, முனியாண்டியின் காலி விரல்களில் நூலால் கட்டித் தொங்கியது. பெற்றுக்கொண்டது: அரிவாள் ஒன்று. உரிமையாளர்: முனியாண்டி. முகவரி: மரத்தடி.

ஓங்கிய கையில் அட்டையோடு நின்ற முனியாண்டி, அன்று முதல் பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவர் போலத் தெரிந்தார். ஆட்கள் அவரை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். சுருட்டை மட்டும் இரண்டிரண்டாக வைத்தார்கள்.

அது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். வானம் கறுத்து, மழை வருமா வராதா என்று நின்றிருந்தது. அப்பளசாமி தன் அரிவாளை மண்டபத்தில் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தபோது கைப்பேசி அடித்தது. கலாவதி. குரல் மூச்சளவுதான் இருந்தது.

"ஏங்க. ஒத்தைப் பல்லன் கீழ நிக்குது. நான் ஒன்பதாம் பிளாக்ல குலை ஏத்துற டிரெய்லர் மேல ஏறிட்டேன். டிரெய்லர் சரியா நிக்கல, அது முட்ட முட்ட ஆடுது. சத்தம் போடாம வாங்க."

அவன் எழுந்தான். கையில் ஒட்டிய சோறு மட்டுமே இருந்தது. வீட்டில் கூரான பொருள் எதுவும் இல்லை. மண்டபத்துக்கு ஓடினான்.

கதிரவேலு அங்கேதான் இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது உண்மை. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கை தானாகக் கோப்பை எடுத்தது. உயிருக்கு ஆபத்தா, சொத்துக்கு ஆபத்தா என்று கேட்டார்.

"என் பொண்டாட்டிக்கு."

கோப்பில் அந்தத் தலைப்பு இல்லை. கதிரவேலு உயிர் என்று எழுதிக்கொண்டு சுகுமாரை அழைத்தார். சுகுமார் சாவியோடு கிளம்பிவிட்டதாகவும், அஞ்சு நிமிடத்தில் வந்துவிடுவதாகவும் சொன்னார். நவமணி அம்மா மோட்டார் சைக்கிளில் அரிசி டின்னோடு வந்து இறங்கினார், டின்னிலிருந்து தோட்டாவை எடுத்து ஒட்டியிருந்த அரிசியை ஊதினார். அப்பளசாமி தன் குலை அரிவாளையாவது கேட்டான். மதியத்துக்கு மேல் வெளியே போகாது என்றார் கதிரவேலு, துப்பாக்கியே வரும்போது அது எதற்கு என்றும் கேட்டார். அப்பளசாமிக்கும் அது நியாயமாகப் பட்டது. அவன் வாசலுக்கும் அலமாரிக்கும் நடந்தான். சுகுமார் ஈஜோக் சாலையில் ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டியிருந்தார், அஞ்சு நிமிடம் என்றார். கலாவதியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: ஆடுது. சுகுமார் எண்ணெய் நிலையம் தாண்டிவிட்டார், இன்னும் அஞ்சு நிமிடம். இன்னொரு குறுஞ்செய்தி: எங்க இருக்கீங்க. பிறகு செய்தி வரவில்லை. துப்பாக்கி என்று ஒன்று இந்தத் தோட்டத்தில் இல்லாமலே இருந்திருந்தால், அவன் எப்போதோ வெறுங்கையோடு ஓடியிருப்பான். இருந்ததால் காத்திருந்தான்.

சுகுமார் வந்தார். மூவரும் அலமாரி முன் நின்று, விதிப்படி, பொறுப்பேற்கிறோம் என்று சேர்ந்து வாசித்தார்கள். இரண்டு இடத்தில் சேர்ந்து வரவில்லை, முதலிலிருந்து வாசித்தார்கள். கதிரவேலு கதவைத் திறந்தார். துப்பாக்கி வெளியே வந்தது. விசைப் பூட்டில் சுகுமார் சாவியை நுழைத்தார். அது திரும்பவில்லை. இத்தனை காலத்தில் யாரும் திருப்பியதில்லை. நவமணி அம்மா தேங்காய் எண்ணெய் இருக்கிறதா என்று தேடப் போனார்.

திறந்த அலமாரிக்குள், துப்பாக்கி இருந்த இடத்துக்குப் பின்னால், முனியாண்டியின் அரிவாள் சாய்ந்திருந்தது. அப்பளசாமி அதை எடுத்தான். எடுத்தபோதே ஓட ஆரம்பித்திருந்தான்.

"அப்பளசாமி, கையெழுத்து போட்டுட்டுப் போ லா," என்று கதிரவேலு பின்னாலிருந்து கத்தினார்.

ஒன்பதாம் பிளாக்கில் டிரெய்லர் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அதன் மேல் கலாவதி பழச் சாக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பேசி கீழே சேற்றில் கிடந்தது. ஒத்தைப் பல்லன் சக்கரத்தை முட்டுவதை நிறுத்திவிட்டு, அரிவாளோடு வந்தவனைத் திரும்பிப் பார்த்தது. நல்லசாமி சொன்ன பார்வை அதுதான். அப்பளசாமி மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து, டிரெய்லருக்கும் பன்றிக்கும் நடுவே வந்து நின்றான். அரிவாளை முன்னால் நீட்டினான். பன்றி தலையைத் தாழ்த்தி மண்ணைக் கீறியது.

அப்போதுதான் பின்னால் கதிரவேலுவின் கார் வந்து நின்றது. மூவரும் இறங்கினார்கள். பூட்டு திறந்திருந்தது. சுகுமார் துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனார். அவர் அதைத் தூக்குவது அதுவே முதல் முறை. குழாய் முதலில் வானத்தைப் பார்த்தது, பிறகு நவமணி அம்மாவை, பிறகு கதிரவேலுவை, பிறகு அப்பளசாமியை. அது பார்த்த திசையிலெல்லாம் ஆட்கள் தரையில் படுத்தார்கள். பன்றி மட்டும் படுக்கவில்லை, அதன் பக்கம் குழாய் இன்னும் வரவில்லை.

"அண்ணே, சுடாதீங்க," என்றாள் கலாவதி டிரெய்லர் மேலிருந்து. பன்றியின் முன்னால் இத்தனை நேரம் வராத நடுக்கம் இப்போது அவள் குரலில் இருந்தது. "பன்னி அந்தப் பக்கம். இங்க நாங்க இருக்கோம்."

"தெரியுது கலாவதி," என்றார் சுகுமார், கண்களை மூடிக்கொண்டு. "நீ கொஞ்சம் குனி."

வெடித்தது. செம்பனை ஓலைகளிலிருந்து பறவைகள் மொத்தமாக எழுந்தன. கார் ஒரு பெருமூச்சு விட்டு, பின் சக்கரத்தின் பக்கம் தாழ்ந்தது. ஒத்தைப் பல்லன் கால்வாயைத் தாண்டி நாணலுக்குள் ஓடி மறைந்தது. அரிவாளைப் பார்த்து ஓடியதா, வெடிச்சத்தம் கேட்டு ஓடியதா, இவர்களோடு இனி இருக்க முடியாது என்று ஓடியதா என்பதைச் சொல்லாமலே ஓடிவிட்டது.

கலாவதி இறங்கி வந்தாள். அப்பளசாமியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "சோறு சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையாட்டினான்.

கதிரவேலு எழுந்து வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அந்த இடத்தையே கூட்டமாக அறிவித்தார்.

"எல்லாரும் கவனிக்கணும். ஒருத்தருக்கும் காயம் இல்ல. முறைப்படி நடந்ததால மட்டுமே இது முடிஞ்சது. ஆனா துப்பாக்கி வெளிய வந்ததாலதான் இவ்வளவு பயம் வந்திச்சி, அதையும் மறுக்க முடியாது. நாளையிலிருந்து நாலாவது பூட்டு."

நவமணி அம்மா வழிமொழிந்தார். அப்பளசாமி கையெழுத்து இல்லாமல் ஆயுதம் எடுத்ததற்கு விளக்கம் தர வேண்டும் என்றும் முடிவானது. அவன் சரி என்றான்.

காரின் மாற்றுச் சக்கரம் மண்டபத்தில் இருந்தது. அதை யார் எடுத்து வருவது என்பதில் விதி குறுக்கே நின்றது. துப்பாக்கி மூடிய வாகனத்தில்தான் இருக்க வேண்டும், உரிமக்காரர் அதைவிட்டுப் பிரியக் கூடாது. ஆகவே சுகுமார் காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டார். மீதித் தோட்டாக்கள் துப்பாக்கியின் அருகில் இருக்கக் கூடாது, அவற்றைக் காப்பவரும் தனியே போகக் கூடாது. ஆகவே நவமணி அம்மா அரிசி டின்னோடு சரிந்த டிரெய்லரின் மேல் ஏறி உட்கார்ந்தார். மிச்சம் தலைவர்தான். எங்களோடு வாங்க, பேசிக்கொண்டே நடந்துவிடலாம் என்று கலாவதி அழைத்தாள். பதிவில்லாத ஆயுதம் வைத்திருப்பவரோடு சங்கத் தலைவர் சேர்ந்து நடப்பது முறையில்லை என்று கதிரவேலு மறுத்துவிட்டார். நீங்கள் முன்னே போங்கள் என்றார்.

இருவரும் முன்னே போனார்கள். மரத்தடியில் அப்பளசாமி அரிவாளை முந்தானையால் துடைக்கச் சொல்லி கலாவதியிடம் கொடுத்து வாங்கி, சிமெண்டு விரல்களுக்குள் திரும்பச் செருகினான். ரசீது அந்த விரல்களிலேயே தொங்கியது. அதை அவிழ்க்க அவனுக்கு அதிகாரம் இல்லை. கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் கலாவதி அதற்கு மேல் நடக்க முடியாது என்றாள். பாலத்துக்கு அந்தப் பக்கம், மரத்தடி தெரிகிற இடத்தில், ஓலைக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. சற்று நேரத்தில் கதிரவேலு பாதையில் தெரிந்தார். மரம் மரமாக நின்று, பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். கால்வாய் ஓரத்து நாணல் அசைந்தது. உள்ளேயிருந்து ஓர் உறுமல் கேட்டது, பெரிதாக ஒன்றும் இல்லை, தான் இருப்பதைத் தெரிவிக்கிற அளவுக்கு மட்டும். கதிரவேலு ஓடவில்லை. தலைவர்கள் ஓடுவதில்லை. ஆனால் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

அப்பளசாமி குரல் கொடுக்க வாயைத் திறந்தான். கலாவதி அவன் கையை அழுத்தினாள்.

கதிரவேலு பாதையின் இரு பக்கமும் பார்த்தார். யாரும் இல்லை. முனியாண்டியின் ஓங்கிய கையை அண்ணாந்து பார்த்தார். அரிவாள் இருந்தது. ரசீதை அவிழ்த்து, மடியாத அட்டையை மடிக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக, ஜோடியாக வைத்தார். தட்டில் யாரோ விட்டுப்போன கட்டிலிருந்து ஒரு சுருட்டை உருவினார், கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் எடுத்தார். காற்றில் முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதைக் கிழித்ததும், அது அணையாமலிருக்க உள்ளங்கைகளைக் குவித்துக்கொண்டு, முனியாண்டியின் முன்னால் நன்றாகக் குனிந்தார்.